சகலைக்கு பீட்டா, எனக்கு ஆல்பா

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே உங்கள் அக்காவும் நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது, ஆகவே என் நலத்தை மட்டும் தெரிவிக்கிறேன், அதுவும் சுமார்தான்.

சகலையின் போனில் நீங்கள் உங்கள் கம்பெனியின் இன்னும் வெளிவராத மென்பொருளைப் போட்டுக் கொடுத்த நாளில் ஆரம்பித்தது வினை. மனிதர் தேடி வந்து, என் மூக்குக்கு நேரே போனை நீட்டி, "பீட்டா நாலு, பார்த்தீங்களா? உலகத்துல எல்லார்கிட்டயும் இருக்காது" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு அக்கா புருஷர்களில் அவருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? பீட்டா இரண்டாம் எழுத்து, ஆல்பாதான் முதல் எழுத்து என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். "அத்தான், ஆல்பான்னா குண்டூசி குத்தி நிறுத்தி வச்ச சட்டை மாதிரி, எங்க ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான் தொடுவோம். பீட்டான்னா தச்சாச்சு, வெளியாளுங்க போட்டுப் பார்த்துக் குறை சொல்லலாம். நாலுன்னா நாலாவது தடவை திருத்தினது. கடைசியா ஆர்.சி.ன்னு ரிலீஸுக்குத் தயாரான ஒண்ணு வரும், அதுல குறை இல்லேன்னா அதுவே கடைக்குப் போயிடும்" என்றீர்கள். என் காதில் விழுந்தது 'ஆபீஸ் ஆளுங்க மட்டும்' என்ற மூன்று வார்த்தைதான். "அவருக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா?" என்று நான் அழாத குறையாகக் கேட்டதும் நீங்களும் மனமிரங்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

குண்டூசி குத்திவிட்டது மாப்பிள்ளை. நம்ம டிரைவிங் ஸ்கூல் வண்டியில் உங்கள் பெரியக்காவுக்கு, அதாவது சகலையின் மனைவிக்கு, வளைவில் திருப்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போனை யாரும் தொடவேயில்லை. அது தானாக வாயைத் திறந்து, நான் என் மனைவிக்கு அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக, கணீரென்று வாசிக்க ஆரம்பித்தது: "உங்க அக்கா புருஷனுக்கு ஒரு பல்பு மாத்தத் தெரியாது, பீட்டாவாம் பீட்டா!" அணைக்கப் பார்த்தேன், சத்தம் கூடியது. "அந்தம்மா ஓட்டுற லட்சணத்துக்கு லைசென்ஸ் ஒரு கேடு!" பெரியக்கா பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி நடைபாதையில் ஏறி, நம்ம ஸ்கூல் விளம்பரப் பலகையையே சாய்த்துவிட்டு நின்றது. அவர் கதவை அறைந்து சாத்திவிட்டு, "என்கிட்ட நேரா சொல்லத் துப்பில்லையா?" என்று கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அக்காவும் தங்கையும் இப்போது ஒரே கட்சி, நான் தனிக்கட்சி.

ஆகவே மன்றாடிக் கேட்கிறேன், உடனே வந்து இந்தச் சனியனை அழித்து, சாதாரண ஜனங்கள் வைத்திருப்பதைப் போட்டுவிடுங்கள். எனக்குப் பெருமையும் வேண்டாம், முதல் எழுத்தும் வேண்டாம். நீங்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த பொறுமையோடும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சகலை வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "உங்களுக்கு ஆல்பாவே குடுத்திருக்கானாமே? எனக்கு மூணு நாளா தூக்கமே இல்லைங்க" என்றார். முகம் இவ்வளவு தொங்கி நான் பார்த்ததில்லை. நீங்கள் வர வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். அவர் எத்தனை கெஞ்சினாலும் அவருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.