ஐம்பது வராத மின்சாரம்

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை. உங்கள் மருமகள் இயற்பியல் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டாள். சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள், அழவும் மாட்டேன் என்கிறாள். இரண்டையும் அவளுக்காக உங்கள் தங்கை செய்துகொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனையாம். இழுத்துக் கட்டிய கம்பியில் மின்சாரத்தை விட்டு, பக்கத்தில் காந்தம் வைத்தால், சரியான நீளத்தில் கம்பி துள்ளி, மேலே உட்கார்ந்திருக்கும் காகிதத் துண்டைத் தள்ளிவிடும். அந்த நீளத்தை அளந்து கணக்குப் போட வேண்டும். விடை ஐம்பது என்று புத்தகத்திலேயே அச்சடித்திருப்பதால், வகுப்பே முதலில் ஐம்பதை எழுதிவிட்டு, அதற்கேற்ற நீளத்தைப் பிறகு எழுதிக்கொள்வது வழக்கமாம். நம் பெண் கம்பியை அளந்திருக்கிறாள். நாற்பத்தாறு வந்தது, எழுதிவிட்டாள்.

அன்று கரண்ட் போய், பள்ளி ஜெனரேட்டரில் ஓடியது என்கிறாள். அந்தக் கிழட்டு ஜெனரேட்டர் மாடி ஏறும் என்னைப் போல மூச்சு வாங்கும், அதற்கு எங்கே ஐம்பது வரும்? ஓடிப்போய் ஆசிரியையிடம் சொன்னேன். "ஐம்பதுதான் வரணும் சார். வரலேன்னா வர வெச்சிருக்கணும். மத்த பிள்ளைங்க வர வைக்கலையா?" என்றார். தலைமையாசிரியரோ கரண்ட் போகவே இல்லை என்று சாதிக்கிறார். போனதாக ஒப்புக்கொண்டால், மற்றவர்களுக்கெல்லாம் ஐம்பது வந்தது எப்படி என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்களே! வீட்டுக்கு வந்த எரிச்சலில், "நீயும் ஐம்பதுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே?" என்று கத்தினேன். "அப்போ கம்பி, காந்தம் எல்லாம் எதுக்குப்பா?" என்றாள். அதற்கும் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

துணை மின்நிலையத்தில் இருப்பவர் நீங்கள். அன்று காலை எங்கள் பகுதிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று முத்திரை குத்தி நாலு வரி அனுப்புங்கள். இல்லையென்றால் பிள்ளைக்கு ஒரு வருடம் பாழ். அவள் பொய் சொல்லமாட்டாள் மச்சான், அது ஒன்றுதான் எனக்கு நிச்சயம்.

அக்காவுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: முத்திரை வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள், பள்ளியின் பெயர் கெடும் என்று மறுதேர்வுக்குக் கூப்பிட்டார்கள். முழு மதிப்பெண்! இந்த முறையும் கரண்ட் இல்லையாம், ஜெனரேட்டரில் டீசலும் இல்லையாம். கம்பி அசையவே இல்லை. "நீங்க சொன்ன மாதிரியே ஐம்பதுன்னு எழுதிட்டேன்பா, மிஸ் பாராட்டினாங்க" என்றாள். அப்பன் சொல் தட்டாத பிள்ளை மச்சான்.