சாட்டினைத் தொடும் கை

தையல் மாஸ்டரின் ஆள்காட்டி விரலைச் சாட்டின் துணி பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மெல்ல இழுத்தார். விரல் வந்தது, கூடவே பளபளவென்று ஓர் இழையும் வந்தது.

"மாஸ்டர், நூல் இழுத்துடுச்சு," என்றார், பக்கத்தில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த காஜாக்காரர்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

நல்லவேளை, இழுத்தது மிச்சத் துணியில். கவுனுக்கான துணி இன்னும் தாளுக்குள் பத்திரமாக இருந்தது. தெருமுனைக் கிளினிக் நர்ஸின் கல்யாண கவுன். வெள்ளிக்கிழமை காலை வாங்க வருவாள். சாட்டின் தைப்பதில்தான் மாஸ்டரின் பேரே இருந்தது. இது கெட்டால் அதுவும் போச்சு.

குற்றவாளி யார் என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பாத்திரங்கள். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது என்று மனைவி கட்டோடு வந்து நின்றதிலிருந்து பாத்திரம், தரை, குளியலறை எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தன. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று வாயைக் கொடுத்தவரும் அவரேதான். சோப்புத்தூளும் பினாயிலும் உள்ளங்கையைத் தேங்காய்த் துருவியாக்கி, விரல் மடிப்புகளில் வெடிப்பும் வைத்துவிட்டன.

"ரப்பர் கையுறை போட்டுக் கழுவுங்க மாஸ்டர்," என்றார் காஜாக்காரர்.

போட்டார். சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிக் குடியேறியது. வேலை முடியும்வரை கை அதிலேயே ஊறியது. போதாததற்கு ஒரு பீங்கான் தட்டு வழுக்கி விழுந்து இரண்டாயிற்று.

"அப்ப தேங்கா எண்ணெய் தடவிப் பாருங்க."

தடவினார். மறுநாள் மிச்சத் துணியைத் தொட்டதும் அதில் கட்டைவிரல் ரேகை விழுந்தது. போலீஸார் பார்த்தால் பாராட்டுமளவுக்குத் தெளிவாக இருந்தது.

"சொரசொரப்புதானே பிரச்சனை? உப்புத்தாள் வச்சு ஒரு தேய் தேயுங்க."

"அது மரத்துக்குய்யா."

"எங்க மச்சான் தச்சன். எந்நேரமும் உப்புத்தாள்தான். அவன் கை எப்படி இருக்கும் தெரியுமா?"

மாஸ்டர் தேய்த்துத் தொலைத்தார். தோல் உரிந்து எரிந்தபோதுதான் கேட்டார்: "எப்படி இருக்கும்?"

"மரக்கட்டை மாதிரி இருக்கும்," என்றார் காஜாக்காரர்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆயிற்று. துணி தாளைவிட்டு வெளியே வரவில்லை. கடை வீட்டின் முன்னறைதான் என்பதால் மனைவி உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, போ."

"காட்டுங்கங்க."

காட்டினார். அவள் மிச்சத் துணியை எடுத்து அவர் உள்ளங்கையில் மெதுவாக இழுத்தாள். மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய சோதனை. இந்தக் கடையில் சாட்டினைத் தொட விரும்பும் எந்தக் கையும் அதில் தேற வேண்டும். அவருக்கு முன்பே தையல் படித்தவள் மனைவி. வருஷா வருஷம் ஆசையாகக் கையை நீட்டுவாள். வருஷா வருஷம் துணி சிக்கும். "உனக்குக் காட்டன்தான்" என்று ஓரமடிக்கப் பாவாடையைத் தள்ளிவிடுவார்.

"சிக்குதுங்க," என்றாள்.

அவள் கட்டை அவிழ்த்தாள். "வலி இல்ல இப்போ. என் கையில இழுங்க."

இழுத்தார். துணி வழுக்கிக்கொண்டு போயிற்று.

மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது. "இத்தனை வருஷமா உன் கை இப்படித்தான் எரிஞ்சுதா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். மிஷின் சத்தத்துல கேட்டிருக்காது."

அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். அவர் பாத்திரத்தைப் பார்க்கப் போனார்.

"உள்ள நூல் கையுறை போட்டு அதுக்கு மேல ரப்பர் போடுங்க. கழுவி முடிச்சதும் விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைச்சிட்டு, அலமாரியில இருக்கிற களிம்பைப் பூசுங்க," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

"இதை முன்னாடியே சொன்னா என்ன?"

"நீங்க காஜாக்காரரைத்தானே கேட்டீங்க."

காஜாக்காரர் அவசரமாக ஊசியில் நூல் கோத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகர மறுத்தாள். "சும்மா சொல்லக்கூடாது மாஸ்டர். கை பட்ட இடமே தெரியல."

"என் கை இல்லம்மா, இவ கை. இனிமே இந்தக் கடையில சாட்டின்னா இவதான்," என்றார் மாஸ்டர். மனதாரத்தான் சொன்னார். மனைவி தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அப்பாடா, கட்டை எடுத்துட்டீங்களா அக்கா? ஒண்ணும் ஆகாத கையில இத்தனை நாள் கட்டுப் போட்டிருந்தா விரல் மடங்காமப் போயிடுமோன்னு எனக்குத்தான் பயமா இருந்துச்சு."