பிணத்தின் மேல் ஐந்தாம் பக்கம்

"இது நீங்க எழுதினதுதானே?"

இன்ஸ்பெக்டர் மெத்தோதி மேஜையில் விரித்த செய்தித்தாளின் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. ஐந்தாம் பக்கம். மேலே கொட்டை எழுத்தில் 'ஆசென் கராஜோவ்'.

"என் கட்டுரைதான் சார்," என்றான் ஆசென்.

"இது மூணாவது பொணம். மூணு பேருக்கும் பின்மண்டையில ஒரே அடி. மூணு நெஞ்சு மேலயும் உங்க கட்டுரை. நான் என்னய்யா நினைக்கிறது?"

ரூஸே நகரத்து 'ஆற்றங்கரை' நாளிதழில் பதினேழு வருடமாக ரோஜாக் கண்காட்சியும் குழாய் உடைப்பும் எழுதி வந்தவன் ஆசென். வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய கொலைகாரனாவது அகப்பட மாட்டானா என்று ஏங்கியவன். அகப்பட்டுவிட்டான். ஆனால், வந்தவன் ஆசெனின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

நல்லவேளையாக அவன் மனைவி நெதா ஸ்டேஷனுக்கு வந்து சாட்சி சொன்னாள்.

"மூணு நாளும் ஆபீஸ்லேருந்து வந்ததும் சோபாவுல விழுந்து தூங்கிட்டாரு சார். நான் பக்கத்துலயேதான் இருந்தேன். இவரு கொசு அடிக்கவே யோசிப்பாரு."

விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஊர் விடவில்லை. ரொட்டிக் கடையில் அவனைக் கண்டதும் வரிசை ஓரடி நகர்ந்து நின்றது. கொலைகாரனைத் தானே பிடித்தால்தான் பழி தீரும் என்று ஆசென் கிளம்பினான்.

செத்தவர்கள் ஒரு பூகோள வாத்தியார், ஒரு பல் டாக்டர், ஒரு தேனீ வளர்ப்பவர். ஒருவருக்கொருவர் ஒட்டுமில்லை உறவுமில்லை. போலீஸ் பரிசோதனை முடிந்து பிணங்கள் வீட்டுக்கு வந்தபின், மூன்று அடக்கத்துக்கும் போய் மறைந்து நின்று பார்த்தான். மூன்றிலும் ஒரே ஆள்! உப்பிய கன்னம், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான், கண்ணில் பொட்டு நீர் இல்லை. படத்தோடு போட்டான்: 'பிணத்தை ரசிக்க வருபவன் யார்?'

மறுநாள் காலை பத்திரிகை ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே ஆறு பேர் நின்று சாவு மேளம் வாசித்தார்கள்.

ஆசிரியர் கலோயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், அவன் சாவுக்கு ட்ரம்பெட் ஊதற கன்ச்சோய்யா! சாவுக்கு வராம பிரசவத்துக்கா வருவான்?"

"கையில ட்ரம்பெட் இல்லையே சார்..."

"நீ படம் எடுத்தது அவன் மூச்சு வாங்கறப்ப!"

உடனே வருத்தம் தெரிவிக்கச் சொன்னார். ஆசென் மூன்று முறை திருத்தி, உருகி உருகி எழுதினான். ஆனால் பதினேழு வருஷம் மரண அறிவிப்பும் எழுதிப் பழகிய கை. அச்சில் வந்தது இப்படி: 'மறைந்த கன்ச்சோ அவர்களிடம் மன்னிப்புக் கோருகிறோம்.'

ஆபீஸ் தொலைபேசி நாள் முழுக்க அலறியது. திருத்தத்துக்கு ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தான். அது அச்சேறுவதற்குள் கன்ச்சோ நிஜமாகவே மறைந்துவிட்டான். பின்மண்டையில் ஒரே அடி. நெஞ்சின் மேல் அந்த வருத்தம்.

"திருத்தம் வேண்டாம். சரியாப் போச்சு," என்றார் கலோயன். சிரிப்பில்லை.

"உங்களுக்கு மட்டும் முன்னாடியே எப்படிய்யா தெரிஞ்சுது?" என்றார் மெத்தோதி. மறுபடி நெதா வந்தாள். மறுபடி சோபா, மறுபடி தூக்கம்.

அடக்கத்தன்று கன்ச்சோவின் மனைவி ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. "அவரு உங்களுக்கு என்ன பண்ணாருங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆசென் தலை குனிந்து வெளியே வந்தான். ஆற்றங்கரை வழியாகவே நடந்தான். நாலு உயிர். தன் எழுத்துக்கும் அந்த உயிர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒரு எழவும் புரியவில்லை.

"நான் எழுதவே பிறக்கலடி," என்றான் வீட்டில்.

நெதா அவன் தலையைக் கோதினாள். "அப்படிச் சொல்லாதீங்க. உங்க எழுத்தோட அருமை தெரியாதவங்க இருந்து என்ன, போய் என்ன?"

மறுநாள் ராஜினாமாவோடு போய், மேஜையைக் காலி செய்தான். யாரும் தடுக்கவில்லை. வாசலில் வாசகர் கடிதங்களைப் பிரிக்கும் ராத்கா மட்டும் எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"வருத்தப்படாதீங்க சார். நேத்து வரைக்கும் இந்த ஊர்லயே உங்க எழுத்தைத் திட்டிக் கடுதாசி போட்டவங்க செத்துப்போன அந்த நாலு பேருதான். படிச்சா உங்க மனசு ஒடிஞ்சுடும்னு ஒவ்வொண்ணையும் உங்க வீட்டுக்காரம்மாதான் விலாசத்தோட கேட்டு வாங்கிட்டுப் போவாங்க, இன்னிக்கு வந்ததைக்கூட இப்பத்தான் எடுத்துட்டுப் போனாங்க."