பூசணிக்காயில் நின்ற கத்தி

சாம்பியன் ரீப்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சாம்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை லவினாவின் கணவன் டைட்டஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் ராணிப்பேட்டை வெயிலும் உங்களை அதிகம் வருத்தாமலிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். போன தடவை நான் காய் வெட்டும் கத்தி என்று சொன்னது உங்கள் பட்டறைச் சத்தத்தில் பாக்குவெட்டி என்று கேட்டுவிட்டது. ஒரு டஜன் பாக்குவெட்டி இன்னும் கடையில் இருக்கிறது. தவிர, இது கத்திச் சொல்கிற விஷயமும் இல்லை.

விஷயம் என்னவென்றால், நீங்கள் கடைசியாக அனுப்பிய இரண்டு டஜன் கத்திகளில் பத்தொன்பது விற்றுவிட்டன. அதில் ஒன்றை வாங்கியவர் ஊரிகம் லைன் வீடுகளில் இருக்கும் பார்வதம்மா. ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவர். அவர் ஒரு கத்தியை நல்லது என்று சொன்னால் ஊரிகத்தில் பாதிப் பேர் வாங்குவார்கள், கெட்டது என்று சொன்னால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். போன புதன்கிழமை பத்து மணிக்கு அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் அரைப் பூசணிக்காய். அதில் கத்தியின் அலகு மட்டும் பிடியில்லாமல் குத்திட்டு நிற்கிறது. பிடி அவர் கையில். இரண்டையும் என் மேசைமேல் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னார்.

"பிடி என் கையில கீது, கத்தி காயில கீது. இப்ப நான் இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் பதில் சொல்வதற்கு முன் அலகை வெளியே எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. பக்கத்து சைக்கிள் கடை மேக்ஸ்வெல் வந்து காயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் குறட்டால் இழுக்க, காய் பிளந்து பாதி மேக்ஸ்வெல் சட்டைமேல் போனது. அலகு ஒரு வளைவும் இல்லாமல் வந்தது என்பதை உங்கள் இரும்புக்குப் பெருமையாக இங்கே குறிப்பிடுகிறேன். ஆனால் பிடியைத் திருப்பிப் பார்த்தேன், மச்சான். ரிவெட் ஆணி இருக்க வேண்டிய இரண்டு ஓட்டையிலும் ரிவெட் இல்லை. பசையில் குழைத்த மரத்தூள்தான் இருந்தது. அதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, வேறு கத்தி தருகிறேன், கூட ஒரு பாக்குவெட்டியும் இனாமாகத் தருகிறேன் என்றேன். பார்வதம்மா நகரவில்லை. எனக்குக் கொடுப்பீர்கள், சரி, இதே கத்தியை எங்கள் லைனில் ஜெயம்மாவும் வாங்கியிருக்கிறாள், கை நடுங்குகிறவள், அவளுக்குக் காயில் நிற்காமல் கையில் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்று மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தேன். லவினாவிடம் பிடியைக் காட்டினேன். எங்கள் அண்ணன் அப்படிச் செய்யமாட்டார் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கடையைச் சாத்திவிட்டு, வாங்கினவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சாக்குப்பையுடன் கிளம்பினேன். கத்தியை விற்பதைவிடத் திருப்பிக் கேட்பது கஷ்டம் என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். பாலகாட் லைனில் சரோஜம்மா, கத்தி நன்றாகத்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லி உட்காரவைத்து மோர் கொடுத்தார். பியூலா டீச்சர் புதுக் கத்தியோடு அவருடைய கல்யாணத்துக்கு வந்த பழைய கத்தியையும் கொடுத்து, அதையும் மாற்றித் தரச் சொன்னார். பெரியவர் மரியகுழந்தை தரவே மறுத்துவிட்டார். தங்கச் சுரங்கத்தில் ஆளை இறக்கும் கேஜில் ஏறி முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். "கேஜு கயித்தை நம்பி தினம் பூமிக்குள்ள இறங்குனவன் நான். உன் கத்தியை நம்பமாட்டனா? போய்ட்டு வா" என்றார். இன்னொரு கத்தி ஒரு வீட்டு மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கடைவீதி முனையில் ஒரு போலீஸ்காரர் என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே டீச்சருடைய பழையது போக பதினைந்து கத்தி. நான் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கியதில் அவருக்குச் சந்தேகம் அதிகமானது. கடைசியில் பெயர்ப்பட்டியலை வாங்கிப் படித்தார். அதில் அவர் மனைவி பெயரும் இருந்தது. என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய் பதினாறாவது கத்தியை அவரே எடுத்துப் பையில் போட்டார்.

ஆக, கடையில் மீதியிருந்த ஐந்தையும் சேர்த்து இருபத்தொரு கத்தி. எல்லாவற்றிலும் ரிவெட் தலை பளபளவென்று தெரிந்தது. தலை தெரிந்தால் போதுமா, உள்ளே உடம்பு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? மேக்ஸ்வெல்லிடம் டிரில் மெஷின் கடன் வாங்கி ஒவ்வொன்றாகத் துளைத்துப் பார்த்தேன். இருபத்தொன்றிலும் ரிவெட் முழுசாக இருந்தது. இப்போது அவை இருபத்தொரு அலகும் இருபத்தொரு பிடியுமாகத் தனித்தனியே இருக்கின்றன. ஆனாலும் மச்சான், பார்வதம்மாவின் கத்தியில் மரத்தூள் இருந்தது உண்மை. உங்களைச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல், அவசரத்தில், பட்டறையில் யாரோ ஒருவர் செய்திருக்கலாம். அது யார் என்று நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை இங்கே புதுச் சரக்கு அனுப்ப வேண்டாம் என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. உறவு வேறு, கத்தி வேறு என்று நீங்கள் பெரிய மனதோடு எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் கை தொட்ட காரியம் எல்லாம் ஆசீர்வதிக்கப்படட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
டைட்டஸ்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பார்வதம்மாவின் மருமகன் திலீப் கடைக்கு வந்தார். பெங்களூர் கம்பெனியில் வேலை. சிறிது நேரம் கரண்டிகளை விலை விசாரித்துவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்துச் சொன்னார்: "சாரி அங்கிள். பெயின்ட் டப்பா மூடியை அந்தக் கத்தியாலதான் நெம்புனேன். ரிவெட் ரெண்டும் பிச்சிக்கிச்சி. அத்தைக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் மரத்தூளும் கம்மும் வச்சி அடைச்சேன். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க." ரொம்பவும் பயந்திருந்தார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். லவினா கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் தப்புன்னு நினைச்சப்ப நாலு பக்கம் எழுதனீங்க. இப்ப உங்க தப்பையும் சேத்து அதையே அனுப்புங்க" என்றாள். அதனால் அனுப்புகிறேன். பார்வதம்மாவுடையதையும் சேர்த்து நாற்பத்துநான்கு ரிவெட் உடனே வேண்டும், பதினாறு வீட்டில் கத்தி கேட்கிறார்கள். இன்னொன்று. நான் திலீப்புக்கு வாக்குக் கொடுத்திருப்பதால், ஊரிகத்தைப் பொறுத்தவரை பழி உங்கள் பட்டறை மேல்தான் இருக்கும். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளவும்.