தலையை வெட்டினால் ஓட்டை

"தலையை வெட்டினா ஓட்டை. காலை வெட்டினா பொம்பளை. முழுசா இருந்தா தின்னலாம். ஏலே இஸ்ரவேலு, என்னவா இருக்கும், சொல்லு பாப்போம்?"

பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கைவிளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த போர்ட்டர் இஸ்ரவேல் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"யாரை வெட்டணும், மாஸ்டரே?"

"யாரையும் வெட்டவேண்டாம்லே. பேப்பர்ல புதிர் போட்டிருக்கான். மூணெழுத்துச் சொல்லு. தலைன்னா முதலெழுத்து, காலுன்னா கடைசி எழுத்து. தலையை எடுத்தா ஓட்டைன்னு அர்த்தம் வரணும். காலை எடுத்தா பொம்பளைன்னு வரணும்."

இஸ்ரவேல் வாயைத் திறந்தபடி யோசித்தான்.

"எம் பொஞ்சாதி பேரு சாலோமி. மூணெழுத்துதான். தலையை எடுத்தா 'லோமி'. அதை ஓட்டைன்னு ஒத்துக்கிடுவாங்களா?"

"சாலோமியைத் தின்னலாமாலே?"

"அவதான் என்னைத் தின்னுதா" என்று சொல்லிவிட்டு இஸ்ரவேல் மறுபடி விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான்.

நாணல்குளம் ஸ்டேஷன் மாஸ்டர் ஞானசிகாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, வயல்காட்டில் யாரோ மறந்துபோய் வைத்துவிட்டுப் போனது மாதிரி நின்ற சின்ன ஸ்டேஷன் அது. காலையில் ஒரு வண்டி மேற்கே போகும், மத்தியானம் ஒரு வண்டி கிழக்கே போகும், சாயங்காலம் மறுபடி ஒன்று மேற்கே போகும். மற்ற நேரமெல்லாம் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தமும் கொக்கும்தான். அதனால் காலை வண்டியில் வரும் 'பொருநைத் தூதன்' நாளிதழின் புதிர்ப் பகுதியை விழுந்து விழுந்து யோசிப்பது மாஸ்டருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆனால் இன்றைய புதிர் பொழுதுபோக்கு இல்லை. கிறிஸ்துமஸ் புதிர். இன்றைக்கே மத்தியான வண்டித் தபாலில் சரியான விடையை அனுப்புகிறவர்களின் பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும். அந்தப் பத்திரிகையை ஆழ்வார்குறிச்சியில் அவருடைய மாமனார் நேசையா வாத்தியார் வரி விடாமல் வாசிப்பார். "எந்த மருமகன் பேரு பேப்பர்ல வருதோ, அவனுக்குத்தான் கிறிஸ்துமஸ் விருந்துல என் பக்கத்து நாற்காலி" என்று அவர் போன வாரமே அறிவித்துவிட்டார்.

மருமகன்கள் இரண்டு பேர். மற்றவன் பாக்கியசீலன், கிழக்கே அடுத்த ஸ்டேஷனான பனைமேட்டில் மாஸ்டர். நல்லவேளையாக அவனுக்குப் புதிரில் பற்றில்லை. "எனக்கெல்லாம் அது ஓடாது சகலை. மூளைக்காரன் நீதான், நீயே அந்த நாற்காலியில உக்காரு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான்.

மாஸ்டரின் மனைவி ஹெப்சிபா ஸ்டேஷனை ஒட்டியிருந்த தங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஆச்சா? நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன், உங்க பேரு பேப்பர்ல வருதுன்னு."

"இன்னும் விடையே வரலையே!"

"அதுக்குள்ள ஏன் என்னைச் சொல்ல விட்டீங்க?" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வண்டி வருவதற்கு அதிக நேரமில்லை. மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. பனைமேடு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பண்டிதர் குடியிருந்தார். பாக்கியசீலனை அவரிடம் கேட்கச் சொன்னால் என்ன? ஸ்டேஷன் தந்தியைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாதுதான். இருந்தாலும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி இரண்டு சகலைகளும் சளி, காய்ச்சல் விசாரித்துக்கொள்வது வழக்கம்.

சுருக்கமாகத் தட்டினார். "தலையை வெட்டினால் ஓட்டை. காலை வெட்டினால் பெண். அவசரம். பண்டிதரைக் கேள்."

கொஞ்ச நேரம் கழித்துக் கருவி பேசியது. "பெண்ணா? உடல் எங்கே?"

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பாவம், ஒண்ணுமே விளங்கமாட்டேங்கு இவனுக்கு!" மூன்றாவது குறிப்பைச் சொல்லாமல் விட்டது தன் தப்புதான் என்று நினைத்து அதையும் தட்டினார். "முழுசாக இருந்தால் தின்னலாம்."

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. "ஐயோ. அசையாதே. எதையும் தொடாதே. அம்பாசமுத்திரத்துக்குத் தந்தி அடித்துவிட்டேன். போலீஸ் வருகிறது."

மாஸ்டர் அவசர அவசரமாகத் தட்டினார். "பெண் இல்லை. வெறும் சொல்."

"பெண் இல்லையா? இறந்தே போனாளா? கர்த்தர் இரக்கம் செய்வாராக. அதையும் சொல்லிவிட்டேன்."

அதற்குமேல் எத்தனை தடவை கூப்பிட்டும் பனைமேடு பதில் சொல்லவில்லை.

"இஸ்ரவேலு!" மாஸ்டரின் குரல் கீச்சென்று வந்தது. "போலீசு வருதாம்லே. மேசையில பேப்பர் கிடக்கப்பிடாது. வேலை நேரத்துல பேப்பர் படிச்சேன்னு அது வேற ஒரு குத்தம் ஆயிரும். எங்கயாவது கொண்டுபோய்த் தொலை!"

இஸ்ரவேல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஓடினான். வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"எங்கலே போட்ட?"

"அந்த வேப்பமரத்தடியில ஒரு சாக்குமூட்டை கிடக்குல்லா, அதுக்குள்ள சொருகிட்டேன். யாரு மூட்டையோ, ஆளைக் காணல. ஒருத்தனும் கண்டுபிடிக்கமாட்டான், மாஸ்டரே."

மேற்கேயிருந்து தண்டவாளத்தில் டிராலி உருண்டு வரும் சத்தம் கேட்டது.

டிராலியிலிருந்து இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஏட்டும் கான்ஸ்டபிள்களும். கடைசியாக மருந்துப் பெட்டியோடு ஒரு டாக்டர். பிணத்தைத் தூக்கிப் போக ஒரு மூங்கில் கட்டிலும் வந்திருந்தது.

"ஞானசிகாமணிங்கது நீர்தானா?"

"ஆமாங்கய்யா. அது வந்துங்கய்யா, நடந்தது என்னன்னா..."

"முழுசா இருந்தா தின்னலாம்னு தந்தி அடிச்சது நீர்தானே?"

"அடிச்சது நான்தான். ஆனா..."

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்வாங்கினார். "மனுஷன்தானா வே நீரு?"

அந்த நேரம் பார்த்து வீட்டு வாசலில் ஹெப்சிபா வந்து நின்றாள். காலையில் வாய்க்காலில் பிடித்த விரால் மீனை அறுத்துக்கொண்டிருந்தவள், கையெல்லாம் ரத்தம். போலீஸ்காரர்கள் தூணுக்கு மறைவில் நின்றதால் அவள் கண்ணில் படவில்லை.

"என்னங்க! தலையை என்ன செய்யட்டும்? தூரப் போட்டுறவா, இல்ல குழம்புல போடவா?"

ஒரு கான்ஸ்டபிள் மூங்கில் கட்டில்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். ஏட்டு வீட்டுக்குள் பாய்ந்தார். சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"மீனுதாங்கய்யா."

"மீனை வச்சு நம்மளை ஏமாத்தப் பாக்குதாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டேஷன் பூரா தேடுங்க. தலை இங்கதான் எங்கயோ இருக்கு."

"அய்யா, அது ஒரு புதிருங்கய்யா. பேப்பர்ல வந்தது" என்று மாஸ்டர் கெஞ்சினார்.

"அப்படியா? எங்க அந்தப் பேப்பர்?"

மாஸ்டர் இஸ்ரவேலைப் பார்த்தார். இஸ்ரவேல் வானத்தைப் பார்த்தான்.

"இங்கன எந்தப் பேப்பரும் கிடையாது, சாமி. நான் பாத்ததே இல்ல" என்றான், மாஸ்டரைக் காப்பாற்றுகிற தோரணையில்.

"பாத்தீரா வே? உம்ம போர்ட்டரே சொல்லுதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேப்பமரத்தடியிலிருந்து ஏட்டு கத்தினார். "அய்யா! இங்க வாங்க! ரத்தம்!"

எல்லாரும் ஓடினார்கள். சாக்குமூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடிப்பக்கம் சிவப்பாக நனைந்து, மண்ணில் ஒழுகி, எறும்பு வரிசை கட்டியிருந்தது. சாக்குக்குள்ளே உருண்டை உருண்டையாக என்னவோ புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"ஒரு தலை இல்லங்கய்யா" என்றார் ஏட்டு. "நெறையத் தலை."

டாக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். இஸ்ரவேல் ஜெபம் பண்ண ஆரம்பித்தான். இன்ஸ்பெக்டர் கண்ணைச் சிமிட்டாமல் மூட்டையின் வாயை அவிழ்த்து, கையைப் பைய உள்ளே விட்டு, முதலில் ஒரு காகிதத்தை உருவினார். சிவப்புக் கறையோடு 'பொருநைத் தூதன்' வந்தது. அதில் கொட்டை எழுத்தில் இருந்ததை அவர் வாய்விட்டே வாசித்தார்.

"தலையை வெட்டினால் ஓட்டை..."

"அதேதாங்கய்யா! அதுதான் புதிரு!" என்று மாஸ்டர் கூவினார்.

இன்ஸ்பெக்டர் மறுபடி கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்தார். வெடித்த தோலுக்குள்ளே சிவப்பு முத்து முத்தாக மின்னியது.

"அல்லாவே! எம் மூட்டையை என்னத்துக்கு இப்படிப் போட்டு அலசுதிய?"

வாய்க்காலில் கால் கழுவப் போயிருந்த மஹ்மூதா பீவி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேகமாக வந்தாள். "எம் மவ மாசமா இருக்கா. வாய்க்கு ருசியா ஒண்ணும் எறங்கலங்கா. நம்ம தோட்டத்து மாதுளைய கொண்டுபோய்க் குடுக்கலாம்னு வந்தா, மாட்டுவண்டிக்காரன் மூட்டை மேலயே ஏறி உக்காந்து பாதிய நசுக்கிப்புட்டான். மீதிய நீங்க நசுக்குதியளா?"

ஞானசிகாமணி பழத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது.

"மாதுளை... தலை போனா துளை... துளைன்னா ஓட்டை! கால் போனா மாது... மாதுன்னா பொம்பளை!" அவர் இன்ஸ்பெக்டரின் கையைப் பழத்தோடு சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். "கண்டுபிடிச்சிட்டீங்களேய்யா! மூணெழுத்து! முழுசா இருந்தா தின்னலாம்!"

இன்ஸ்பெக்டர் ஒரு தடவை பத்திரிகையைப் பார்த்தார். ஒரு தடவை பழத்தைப் பார்த்தார். கட்டிலையும் டாக்டரையும் பார்த்தார். அவர் முகம் மாதுளை நிறத்துக்கு வந்தது.

மாஸ்டர் அதற்குள் அறைக்கு ஓடி, தபால் கார்டில் 'மாதுளை' என்று எழுதி, பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் போட்டுவிட்டார். மத்தியான வண்டி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. கார்டோடு வண்டியின் தபால் பெட்டியைப் பார்த்துப் பாய்ந்தவரின் கோட்டுக் காலரை ஏட்டு பின்னாலிருந்து பிடித்தார்.

"எங்க வே ஓடுதீரு? வாக்குமூலம் குடுத்துட்டுப் போரும்."

"இந்தக் கார்டை மட்டும் போட்டுட்டு வந்துருதேன், ஏட்டையா!"

"வெளிய ஒரு துண்டுக் காகிதம் போகப்பிடாது" என்றார் இன்ஸ்பெக்டர். "காலையிலயிருந்து நீர் வெளிய அனுப்பினதெல்லாம் போதும்."

மஹ்மூதா பீவி மூட்டையோடு வண்டி ஏறினாள். காலர் ஏட்டின் பிடியில் இருக்க, மாஸ்டர் பச்சைக் கொடியை ஆட்டினார். கார்டு அவருடைய மறு கையிலேயே இருந்தது. வண்டி போய்விட்டது.

வாக்குமூலம் எழுத உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் இரண்டு வரி எழுதினார். எழுதியதை வாசித்துப் பார்த்தார். டாக்டரையும் கட்டிலையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதுளை மூட்டையைக் கைது செய்ய வந்த கதையாக அது இருந்தது. காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"இதை மேல அனுப்பினா என்னைத்தான் சிரிப்பாங்க. வே, நான் இங்க வரவும் இல்ல, நீர் தந்தி அடிக்கவும் இல்ல. தெரியுதா?"

"ரொம்பப் புண்ணியமாப் போச்சுங்கய்யா."

"ஆனா உம்ம சகலையைச் சொல்லணும். அந்தப் பாக்கியசீலன் எவ்வளவு பொறுப்பான ஆளு! ஆபத்துன்னதும் ஒரு நிமிஷம் தாமசிக்கலையே."

"அவன் ரொம்ப நல்லவங்கய்யா" என்றார் மாஸ்டர் மனசார. "என்ன, புதிருன்னா ஒண்ணும் விளங்காது, பாவம். பயந்துட்டான். அவனைக் கோவிச்சுக்கிடாதிய."

டிராலி போனது. ஹெப்சிபா விரால் குழம்போடு சோறு போட்டாள். தலை அவருக்குத்தான். ஆனால் பெரிதாக இறங்கவில்லை.

"போகட்டும் விடுங்க" என்றாள் அவள். "உத்தியோகம் தப்பிச்சுதே. பெயிண்ட் அடிச்ச நாற்காலியா அது, அப்பா பக்கத்து நாற்காலி? காலு கூட ஆடும்."

அதைக் கேட்டதும் மாஸ்டருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சாயங்கால வண்டி வந்து நின்றபோது வழக்கம்போல எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மத்தியானம் கிழக்கே வண்டியை ஓட்டிப் போன டிரைவர் அசன் மைதீன்தான் திரும்பியும் வந்திருந்தார். கரி படிந்த முகத்தை நீட்டி, "என்ன மாஸ்டரே, மத்தியானம் உங்க ஸ்டேஷன்ல ஒரே போலீசாக் கிடந்துச்சே?" என்றார்.

"அதை ஏன் கேக்குதிய அண்ணாச்சி, எல்லாம் ஒரு தப்பான தந்தியால வந்த வினை. பனைமேட்டுல நம்ம சகலையைப் பாத்தியளா? பாவம், ரொம்பப் பதறியிருப்பானே?"

அசன் மைதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பதறவா? 'மாதுளை'ன்னு எழுதின கார்டைக் கையில விசிறிக்கிட்டே எஞ்சின்கிட்ட வந்து, 'அண்ணாச்சி, நாணல்குளத்துல தபாலு ஒண்ணும் ஏறலையே?'ன்னுல்லா சிரிச்சாரு!"