மாமனாரின் காபிக்கலர் கோட்டு

என்னிடம் இருக்கிற நல்ல சட்டைகளில் ஒன்றுகூட எனக்காகத் தைத்தது இல்லை. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நாய்க்காது மாதிரி காலர் தொங்கும் டெரிலின் சட்டை, தெருவைப் பெருக்கிக்கொண்டே வரும் பெல்பாட்டம், சாவி கொடுத்தால்தான் ஓடும் கைக்கடிகாரம், முகத்தில் பாதியை மறைக்கும் கூலிங் கிளாஸ், எல்லாமே நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஆசை ஆசையாய்ப் போட்டுக்கொண்டவை. கடலூரில் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிற அம்மாக்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவர்கள் தெருவுக்குள் வருவதற்குள் நான் பிளாஸ்டிக் குடத்தோடு போய் ஏழு வீடு முடித்திருப்பேன். (எந்தப் புண்ணியவான் போட்டதோ என்று என் அம்மா ஒவ்வொன்றையும் வெந்நீரில் முக்கி எடுப்பார். அப்படி ஒரு சட்டை பொம்மை சைஸுக்குச் சுருங்கிப் போனதில் நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.)

இந்தப் பைத்தியத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஸ்டெல்லா சிதம்பரத்துப் பெண். கடலூரில் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தாள். அவளுடைய அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா சவரிமுத்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி ஓய்ந்தவர். எங்கள் விஷயத்தைச் சொன்னபோது சாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. என் போட்டோவை மட்டும் உற்றுப் பார்த்தாராம்.

"அடுத்தவன் போட்ட சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியிறவனுக்கா பொண்ணு குடுக்கறது? நாளைக்கி அடுத்தவன் சாப்ட்ட தட்டுலயும் சாப்புடுவான்."

"ஒரே ஒரு தடவ வந்து அப்பாவப் பாருங்க. புதுச் சட்டையில வாங்க" என்றாள் ஸ்டெல்லா. அவர் சம்மதிக்காமல் அவள் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஆக, எல்லாம் அந்த ஒரு சந்திப்பில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, புதுச் சட்டை கழுத்தை அறுக்க, சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைக் கால்மணி நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது கடையில வாங்கினதா?"

"ஆமாங்க மாமா."

"பில்லு இருக்கா?"

இருந்தது. காட்டினேன். (அப்படியொரு மானங்கெட்ட நிலைமை.) பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தேன். அங்கே அவருடைய கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. அதில் ஒரு கோட்டு. கழுத்திலிருந்து மடிந்து மார்பு முழுக்க விரிந்த லேப்பல், கோழி முட்டை அளவுக்குப் பித்தான். நான் எதற்கு வந்தேன் என்பதை மறந்து எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டினேன்.

"மாமா, லேப்பல் நாலரை இன்ச்சு இருக்கும் போலயே."

"அஞ்சு" என்றார் பின்னாலிருந்து. குரலே மாறியிருந்தது.

பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். காபிக்கலர். உள்ளே பட்டு லைனிங். "பாண்டிச்சேரியில தச்சது. மூணு தடவ அளவெடுத்தான்" என்றார். நான் அதை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தேன். (சேகரிக்கிற ஆட்கள் எல்லோரும் செய்வதுதான், தப்பாக நினைக்காதீர்கள்.) அந்துருண்டை நெடி கண்ணில் ஏறித் தண்ணீராகக் கொட்டியது. அவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

அத்தோடு சும்மா வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "மடிப்புல அழுக்கு புடிச்சிருக்கு மாமா. ட்ரை வாஷ் பண்ணித் தேச்சா புதுசாயிடும். நானே குடுத்து வாங்கியாறேன்."

அவர் கோட்டை மடித்து என் கையில் வைத்தார். "நாளைக்குள்ள வந்துடணும். அது வூட்ல இல்லன்னா எனக்கு நிம்மதி இருக்காது. ஜபார் பாய் கடையில குடு, அவருக்குத்தான் இந்தக் கோட்டு பழக்கம்."

ஜபார் பாய் லால்பேட்டைக்காரர், சிதம்பரம் கடைத்தெருவில் லாண்டரி வைத்திருந்தார். கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் நின்றேன். "பாய், அர்ஜென்ட்டு. காலையில வேணும்" என்று கோட்டை மேசையில் வைத்தேன். பாய் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"நீங்க போங்க தம்பி. இதுக்கு நான் கூலி வாங்க மாட்டேன். காலையில வந்துருங்க."

ஆஹா, இவரும் நம்ம கட்சி, நல்ல துணியின் அருமை தெரிந்தவர் என்று பூரித்துப்போய்க் கடலூர் பஸ் ஏறினேன். மடையன் என்றால் சாதாரண மடையன் இல்லை.

மறுநாள் காலை போனபோது கோட்டு வெள்ளைத் துணியில் சுற்றித் தயாராக இருந்தது. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்த பாய், "நல்ல மனுசன். நேத்தே மாதா கோயில்ல சொல்லிட்டேன். அடக்கம் எத்தினி மணிக்கு?" என்றார்.

அதே நேரம் கோயில் மணி ஒவ்வொன்றாக, விட்டு விட்டு அடித்தது. துக்க மணி.

நேற்று மதியம் பீரோவைத் திறந்த மனிதர் இன்று இல்லையா? ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். லைன் பிஸி. மறுபடி போட்டேன், பிஸி. (ஊரே அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.) ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் அழுதேன். ஒரு நாள் பழகிய மனிதருக்கு ஏன் அப்படி அழுதேன் என்று இன்றுவரை தெரியவில்லை. என் பைத்தியத்தைப் பைத்தியம் என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான், அதனால் இருக்கலாம்.

வாசலில் செருப்புகள். "மாமா" என்று அலறிக்கொண்டே உள்ளே போய்க் கூடத்தில் விழுந்தேன்.

"கோட்டு தேச்சாச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்தேன். கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்து அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் மாலையோடு பத்துப் பன்னிரண்டு பேர், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல். காட்டுமன்னார்கோயிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த அவருடைய தம்பி அந்தோணி மாமா, "இவரா கோட்ட எடுத்துக்கிட்டுப் போன ஆளு?" என்றார்.

விஷயம் அப்போதுதான் உடைந்தது. ஸ்டெல்லாவின் அம்மாவைக் கல்யாணப் புடவை கட்டித்தான் அடக்கம் செய்தார்களாம். தன் அடக்கத்துக்கு அந்தக் கல்யாணக் கோட்டு என்று அன்றைக்கே இவர் எடுத்து வைத்துவிட்டார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவரே கொண்டுபோய்த் தேய்த்து வாங்குவார். "என்னிக்கி வேற ஆளு அவசரமா கொண்டாந்து குடுக்கறானோ, அன்னிக்கி நான் போயிட்டேன்னு வச்சிக்க பாய்" என்று சொல்லியும் வைத்திருந்தார். சொன்னவருக்கே அது மறந்துபோயிருந்தது. எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் இது தெரிந்த வழக்கம்தான். என் அப்பாவின் கோட்டும் அப்படித்தான் அலமாரியில் தொங்குகிறது. லேப்பலைப் பார்த்தவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மன்னிச்சிக்குங்க மாமா, நான் வரேன்" என்றேன்.

"இரு" என்றார். தம்பி பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீ வந்து ஒரு மணி நேரமாச்சி. உனுக்குக் கண்ணு கலங்குச்சா?"

"பஸ்ஸுல வரும்போது அழுதேண்ணே."

"இந்தப் பையன் தெருமுனையில அழுதது எனக்கு இங்க கேட்டுச்சி." காபி தம்ளரைக் கீழே வைத்தார். "ஸ்டெல்லா, கோயில் சாமியாரப் பாத்து கல்யாண ஓலை வாசிக்கிறதுக்குச் சொல்லிட்டு வரலாம், கெளம்பு."

மூன்று ஞாயிறு கோயிலில் எங்கள் பெயரை வாசித்தார்கள். மூன்று முறையும் சபையில் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார். நான் கொண்டுபோகிற பழைய சட்டைகளின் தையலைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நான்கு வருஷம் முன்னால் ஒரு காலை காபியைக் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். நான் லாண்டரிக்கு அனுப்பவில்லை. கோட்டை நானே தேய்த்தேன். என் சேகரிப்பில் சேராத ஒரே நல்ல கோட்டு அது. சேர்ந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

பிறகு அந்தோணி மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா தவறிட்டாருங்க."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா எப்பிடி மாப்ள நம்பறது? அண்ணன்கிட்ட போனக் குடு."

போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இருந்தது. எனக்குப் பேச்சு வராததை வைத்துத்தான் அவர் புரிந்துகொண்டார்.

அப்படியும் மாலை வாங்காமல்தான் வந்தார். பெட்டியருகே போய் நின்று, அந்த அஞ்சு இன்ச்சு லேப்பலைத் தடவிப் பார்த்தார். "கோட்டு போட்டாச்சா. அப்ப நெசந்தான்" என்றார். முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது.

இப்போது எங்கள் வீட்டில் எந்தச் செய்தி வந்தாலும் அப்படியே நம்புகிற வழக்கம் கிடையாது. போன மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. தலைகால் புரியாமல் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ஸ்டெல்லா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"கோட்டு போட்டாச்சா?"