மூன்று பிரதிகளில் ஒரு 'ஆ'

உலக இசை வரலாற்றைக் கண்டிக்கு முன், கண்டிக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்து எழுதும் காலம் வந்தே தீரும். அது இன்னும் வராததற்கு ஒரே காரணம், வரலாற்றாசிரியர்களுக்குக் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் இடம் கிடைக்காததுதான்.

கணித ஆசிரியர் யோகேந்திரன் எழுபத்தெட்டாம் ஆண்டில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், நண்பர் ஹாஷிமின் கூரையோட்டுக் கிட்டங்கியில், 'முற்போக்கு ரொக்' இசைக்குழு ஒன்றை நிறுவினார். பாட்டு அவர், கிட்டார் ஹாஷிம், டிரம்ஸுக்கு ஒரு சிங்கள நண்பர், ஓர்கனுக்கு ஒரு பறங்கியர். மற்றக் குழுக்கள் மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடிய காலத்தில், இவர்கள் ஒரே பாட்டை இருபத்து மூன்று நிமிடம் பாடினார்கள். தாளம் பதினொன்று. கெலிஓயாவில் ஒரு கல்யாண வீட்டில் ஆடுவதற்குப் பைலாப் பாட்டு கேட்டார்கள். யோகேந்திரன் மறுக்கவில்லை. பைலாவையும் பதினொன்றிலேயே பாடினார். ஆட இறங்கிய மாப்பிள்ளையின் மாமா ஒன்பதாவது அடியில் விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். குழுவின் இசை ஒருவரை 'ஆழமாகப் பாதித்த' முதல் சந்தர்ப்பம் அது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் குழு தன்னைச் 'சீரமைத்துக்கொண்டது'. ஓர்கன்காரர் மெல்போர்னுக்குப் போனார். ஒன்றாகக் காணப்படாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது என்று டிரம்ஸ்காரர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். யோகேந்திரன் தம்பியோடு எட்டு நாள் ஹாஷிமின் ஓட்டு அடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். வெளியே வந்தபோது தனிக்கலைஞராகியிருந்தார். மேல்நாட்டில் இந்த மாற்றத்துக்குப் பத்து வருடம் எடுக்குமாம்.

ஆனால் அவருடைய கலை முதிர்ச்சி பெற்றது தொண்ணூற்றாறில்தான். பிலிமத்தலாவையில் மருந்துக்கடை வைத்திருந்த தம்பி விவேகானந்தனை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், பகல் பதினொன்றரைக்கு, ஒரு வெள்ளை வானில் ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் மட்டும் நூறு பேர் இருக்கும். யோகேந்திரன் கடை கடையாக ஏறி விசாரித்தார். எல்லோரும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஹாஷிம் உள்ளே ஓடு அடுக்கிக்கொண்டிருந்தாராம்.

கேட்டால் சொல்லாதவர்கள் பாடினால் சொல்லக்கூடும் என்று யோகேந்திரனுக்குத் தோன்றியது. பாட்டு எழுதினார். தம்பியின் பெயர், பாலம், பதினொன்றரை மணி, வான், கண்டவர்கள் சொல்லுங்கள். அவ்வளவுதான் பாட்டு.

அக்காலத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பாடுவதானால், சொற்களைச் சிங்கள மொழிபெயர்ப்புடன் மூன்று பிரதிகளில் அரசாங்கக் காரியாலயத்தில் கொடுத்து அனுமதி பெறவேண்டும். காரியாலயத்தின் மொழிபெயர்ப்பாளர் பளீல் மிக நல்ல மனிதர். முத்திரை குத்தும் பெரியவர் வெட்டக்கூடியதை முன்கூட்டியே தாமே வெட்டிவிடுவார். அதனால் அவர் கையால் போன விண்ணப்பம் எதுவும் நிராகரிக்கப்பட்டதே இல்லை.

"மாஸ்டர், இதுல பாலம் ஒண்டு ஈக்கி. பாலத்தப் பத்தி ஏன் பாடுறாருன்டு கேப்பாங்க."

"பாலத்தடியிலதானே பிடிச்சவங்கள்."

"அதுக்குத்தான் சொல்றன்."

பாலம் போனது. அடுத்த தடவை வான் போனது. வாகனம் என்றால் இலக்கத்தகடு கேட்பார்கள், தகடு இல்லாத வாகனம் எழுத்தில் இருக்க முடியாது என்று பளீல் விளக்கினார். பதினொன்றரை போனது. பெயர் போனது. 'தம்பி' என்ற சொல் வந்ததும் பளீல் பேனாவை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"இதுவும் வாணாம் மாஸ்டர். எந்தத் தம்பின்டு கேப்பாங்க."

"என்ர தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்ற."

கடைசியில் எஞ்சியது 'ஆ'. அதன் சிங்கள மொழிபெயர்ப்பும் 'ஆ'தான். மூன்று பிரதிகளிலும் முத்திரை விழுந்தது.

யோகேந்திரன் அந்த 'ஆ'வை நாற்பது நிமிடம் பாடினார். விமர்சகர் கலாநிதி இராசமணி புல்லரித்துப்போனார். சொல் என்னும் சுமையைத் துறந்த முதல் தமிழ்க் குரல் என்று எழுதினார். துறந்தவர் தாமல்ல, பளீல் என்று யோகேந்திரன் சொல்லிப் பார்த்தார். கலைஞரின் தன்னடக்கம் என்று இராசமணி அதையும் எழுதினார்.

இரண்டு வருடத்தில் நவகலைச் சங்கம் 'ஆண்டின் சோதனைக் கலைஞர்' விருதை அவருக்கு அறிவித்தது. ஏரிக்கரையில் மண்டபம், பின்னேரம் நாலரை மணி, முந்நூறு பேர். முன்வரிசையில் காரியாலயப் பெரியவரும் பளீலும். பின்னால் கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர்கள், அவர்களோடு ஹாஷிம். கடைசி வரிசையில் விவேகானந்தனின் மனைவி பத்மாதேவி. மேடையேறுமுன் அவள் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "இண்டைக்காவது கேளுங்கோ, அத்தான்."

யோகேந்திரன் ஆறாவது நிமிடத்தில் 'ஆ'வை நிறுத்தினார். தாளமில்லாமல், பேச்சாகவே கேட்டார்.

"என்ர தம்பி விவேகானந்தன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில, பகல் பதினொண்டரைக்கு, வெள்ளை வானில ஏத்தினவங்கள். உங்களில ஆராவது கண்டனீங்களோ?"

பிறகு சிங்களத்தில் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில். விளங்கவில்லை என்ற குறை எவருக்கும் வரக்கூடாதல்லவா.

மண்டபம் அமைதியானது. ஒருவரும் இருமவில்லை. ஒரு கதிரைகூடக் கிரீச்சிடவில்லை. பளீல் தன் நகங்களைப் பார்த்தார். கடைக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். யோகேந்திரன் ஒலிவாங்கியைச் சபையை நோக்கி நீட்டியபடி காத்திருந்தார். அது ஏழு நிமிடம் என்று இராசமணி குறித்துவைத்திருக்கிறார். பிறகு இராசமணி எழுந்து கைதட்டினார். சபையே எழுந்து, மூச்சு விட்ட நிம்மதியோடு, இடியிடித்தாற்போல் தட்டியது. பத்மாதேவி மட்டும் எழவில்லை.

விருதை ஆள் மாறிக் கொடுத்ததில்தான் சங்கம் தவறிவிட்டது. யோகேந்திரன் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டவர். அவ்வளவுதான். முந்நூறு பேரோ, ஒத்திகை எதுவுமில்லாமல், மூன்று மொழிகளிலும், ஏழு நிமிட மௌனத்தை இம்மி பிசகாமல் நிகழ்த்திக் காட்டினார்கள். அவர்களில் அன்று பாலத்தடியில் நின்றவர்கள் பதினான்கு பேர் என்று ஹாஷிம் நெடுநாள் கழித்து யோகேந்திரனிடம் சொன்னார். தன்னையும் சேர்த்து.